மயிரிழை வாய்க்கால்

பெட்டியைத் திறந்த ஆய்வுக்கூடத் தலைவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். பெட்டிக்குள் மெத்தென்ற படுக்கை, அதன் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒன்றுமில்லை. காலையில் அதில் கண்ணாடிபோல மின்னிக்கொண்டு ஒரு நிக்கல் தகடு படுத்திருந்தது. ஆய்வுக்கூடத்தின் பல மாத உழைப்பு அது.

"யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது" என்று கத்தினார். வெளிக்கதவைப் பூட்டினார். போலீசுக்குப் போன் போட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. வந்தவரை வாசலிலேயே நிறுத்தித் தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் திணித்தார்கள். தலைக்கு மூடி, வாய்க்கு மறைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு நீலக் கையுறை. போன், பேனா, துப்பாக்கி எல்லாம் வெளி அலமாரியில் தங்கிவிட்டன. தூசியை ஊதித் தள்ளும் காற்றுச் சிற்றறைக்குள் நின்றபோது பின்கதவு மூடியது, முன்கதவு இன்னும் திறக்கவில்லை. நாலு பக்கமும் காற்று சீறியது. அந்த அம்மாள் எத்தனையோ ரவுடிகளைச் சந்தித்தவர்தான். ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தில் அவர் கை இடுப்பில் இல்லாத துப்பாக்கியைத் தேடியது.

உள்ளே போனால் ஜன்னலே இல்லை. கூரை முழுக்க விசிறிகளின் ஓயாத இரைச்சல். அவருடைய மூச்சே திரும்பி வந்து அவர் முகத்தில் அடித்தது. மூக்கு நமைத்தது. சொறிய வழியில்லை.

"தகடு இன்னும் உள்ளதான் இருக்கு. காலையில விசிறி நின்னு அலாரம் அடிச்சதிலிருந்து இந்த மூணு பேரும் வெளிய போகலை" என்றார் தலைவர். "நானும் போகலை."

"அப்ப கிடைக்கிற வரைக்கும் யாரும் போக வேண்டாம். நானும்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லி முடித்த பிறகுதான், தன் காலில் தானே விலங்கு மாட்டிக்கொண்டது உறைத்தது.

அவர் முன் நான்கு வெள்ளை உருவங்கள் நின்றன. விசாரணையில் அவருடைய பலமே முகம் பார்ப்பதுதான். பொய் சொல்பவனின் உதடு எங்கே கோணும், தொண்டை எப்போது ஏறி இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இங்கே முகமே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஈரமாக எட்டுக் கண்கள், அவ்வளவுதான். ஆகவே அவர் கைகளைப் பார்க்கத் தொடங்கினார்.

"முதல்ல அது என்ன பொருள்னு சொல்லுங்க. எனக்குப் புரியிற மாதிரி."

தலைவர் தொண்டையைச் செருமினார். "பிறந்த குழந்தையோட குதிகால்ல இருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிற சோதனைச் சில்லு. பாலிமர்ல செய்யிறது. அதுக்குள்ள தலைமுடியை விட மெல்லிசா வாய்க்கால் ஓடும். ரத்தம் ஒவ்வொரு குழிக்கும் போய், ஒவ்வொரு நோய் இருக்கா இல்லையான்னு நிறம் காட்டும். அந்தச் சில்லை வார்க்கிறதுக்கான அச்சுதான் இந்த நிக்கல் தகடு. இது ஒண்ணு இருந்தா லட்சக்கணக்கில வார்க்கலாம். சாயங்காலம் கம்பெனிக்காரங்க வாங்க வர்றாங்க."

"யார் யார் இதைச் செஞ்சது?"

ஒல்லியான உருவம் ஒன்று முன்னால் வந்தது. குரல் பெண் குரல். எல்லோரும் அவளை மஞ்சளக்கா என்றார்கள். அவள் வேலை செய்யும் அறையில் மஞ்சள் விளக்கு மட்டும்தான் எரியும். "சிலிக்கான் தட்டு மேல ஒரு பிசினைப் பூசி, படத்து வழியா ஒளி காட்டுவேன் மேடம். ஒளி பட்ட இடம் இறுகும், மிச்சத்தைக் கழுவிடுவேன். பள்ளம் மேடா ஒரு உருவம் கிடைக்கும். அதோட என் வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல அண்ணன்."

அண்ணன் என்றது முலாம்காரரை. அகன்ற தோள், தாழ்ந்த குரல். முழங்கை வரை ஏறிய கறுத்த தடித்த ரப்பர் கையுறை. "அந்தப் பள்ளத்துல நிக்கலை வளர்ப்பேன் மேடம். தொட்டியில முக்கி மின்சாரம் விட்டா மெல்ல மெல்ல ஏறும். அக்கா வச்ச பள்ளம் என் தகட்டுல வரப்பா நிக்கும். தம்பி பாலிமர் ஊத்தினா வரப்பு திரும்ப வாய்க்காலாயிடும்."

தம்பி என்றது வார்ப்புக்காரரை. படபடப்பான ஆள். பேசும்போது நீலக் கையுறை போட்ட விரல்கள் நாட்டியம் ஆடின. "காலையில தகட்டை எல்லாரும் மைக்ராஸ்கோப்புல பார்த்தோம். பெட்டியில வச்சோம். அப்புறம் கரண்ட் தடுமாறி விசிறியெல்லாம் நின்னு அலாரம் அடிச்சுது. எல்லாரும் வாசல் பக்கம் வந்து நிக்கணும்கிறது சட்டம்."

"எல்லாரும் ஒண்ணாவா வந்தீங்க?"

தலைவர்தான் பதில் சொன்னார். "நான் அப்ப வாசல்ல இருந்தேன். இவங்க மூணு பேரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்தாங்க. அவ விளக்கை அணைச்சிட்டு வந்தா. இவர் தொட்டி மின்சாரத்தை நிறுத்திட்டு வந்தார். அவன் பம்பை நிறுத்திட்டு வந்தான். மூணுமே செய்ய வேண்டிய வேலைதான்."

மூணு பேருக்கும் வாய்ப்பு இருந்தது. மூணு பேருக்கும் காரணமும் கையில் ரெடி.

தேடல் தொடங்கியது. உடைகளைத் தடவினார்கள். இழுப்பறைகளைக் கவிழ்த்தார்கள். குப்பைத் தொட்டி, குழாய்க்கு அடி, மேசைக்குக் கீழ் எல்லாம் பார்த்தாயிற்று. மஞ்சளறையில் இருட்டு மூலையைப் பார்க்க இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்த அவசர டார்ச்சை எடுத்து அடித்ததும் மஞ்சளக்கா அலறினாள்.

"அணைங்க மேடம்! வெள்ளை வெளிச்சம் பட்டா தட்டெல்லாம் பாழ்!"

தலைவரின் பார்வை அவள் மேல் பாய்ந்தது. "எதை மறைக்கிறே?"

"என் பொழப்பை மறைக்கிறேன் சார்" என்றாள் அவள். அடுக்கிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டினாள். நிக்கல் எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் விருட்டென்று அடுக்கில் திரும்பச் செருகினாள். பயந்த கை தயங்கும். இது கோபம்.

வார்ப்பு மேசையில் காலிக் கிண்ணங்களும் கலக்கும் கோப்பைகளும்தான் இருந்தன. முலாம்காரர் அலுப்பில் அந்த மேசை மேல் கையை ஊன்றினார். உடனே வார்ப்புக்காரர் பாய்ந்தார். "அண்ணே, என் மேசை மேல அந்தக் கையை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

"சரி சரி, எடுத்துட்டேன்" என்று அவர் விலகினார்.

"அமிலத்துல கரைச்சிருப்பாங்க" என்று தலைவர் முணுமுணுத்தார். "அப்படின்னா போச்சு. எல்லாம் போச்சு."

முலாம்காரர் திரும்பினார். "கரைஞ்சா அமிலம் பச்சையாயிடும் சார். தெளிவா இருக்கு பாருங்க." அந்தக் குரலில் அவசரம் இருந்தது, தலைவருக்கு ஆறுதல் சொல்வதுபோல. அதை இன்ஸ்பெக்டர் மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

நேரம் ஊர்ந்தது. உடைக்குள் வியர்வை முதுகில் கோடு போட்டு இறங்கியது. கண்ணாடியில் ஆவி படிந்து உலகமே பாலாடைக்குப் பின்னால் தெரிந்தது. வெளியே ஓடிவிட வேண்டும், எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டும் என்று இன்ஸ்பெக்டரின் உடம்பு கெஞ்சியது. அதை அடக்கிக்கொள்ள எதையாவது உற்றுப் பார்க்கலாமென்று முலாம் தொட்டியின் பக்கம் போனார். பக்கத்துக் கண்ணாடிக் குடுவையில், தொட்டிக்கு ஊற்றுகிற பச்சை நிக்கல் திரவம் சுழித்துக்கொண்டிருந்தது. அடியில் மாத்திரை போன்ற ஒரு வெள்ளைத் துண்டு தானாகச் சுற்றியது.

"அது எப்படிச் சுத்துது?"

"உள்ள காந்தம் மேடம். கீழ இருக்கிற பெட்டியிலயும் ஒரு காந்தம் சுத்தும். கலக்கிறதுக்கு."

"நிக்கலைக் காந்தம் இழுக்குமா?"

முலாம்காரர் முதலில் கீழே இருந்த பெட்டியை நிறுத்தினார். பிறகு, "இழுக்கும்" என்றார்.

"அந்தத் துண்டைக் கழுவிக் கொடுங்க."

அதை வாங்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் நேராக, வார்ப்புக்காரர் பாலிமரை இறுகவைக்கும் அடுப்பு அருகே போனார். வெப்பப் பெட்டிக்குள் தட்டையான கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. சில கிண்ணங்களில் பாலிமர் தண்ணீர்போலத் தெளிவு. சிலதில் மை கலந்த கறுப்பு; அதற்குள் என்ன கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

"இதையெல்லாம் எப்ப ஊத்தினீங்க?"

"அலாரத்துக்கு முன்னாலயே ஊத்தி மேசையில வச்சிட்டேன். அலாரம் முடிஞ்சு வந்து பம்பு வச்சுக் குமிழி எடுத்து, அடுப்புல வச்சேன். சில்லுக்கு மேல போடற ஒளி ஊடுருவாத மூடிக்காகத்தான் கறுப்பு."

"வெளிய எடுங்க."

கிண்ணங்கள் மேசைக்கு வந்தன. இன்ஸ்பெக்டர் வெள்ளைத் துண்டை முதல் கறுப்புக் கிண்ணத்தின் மேல் உருட்டினார். உருண்டு போயிற்று. இரண்டாவதிலும் அப்படித்தான். அடுத்ததில் நடுவரை ஓடிய துண்டு சட்டென்று நின்றது. விரலால் தள்ளினாலும் நகர மறுத்தது.

வெள்ளை உருவங்கள் நாலும் கிண்ணத்தைச் சுற்றி நெருங்கின.

"நீயா?" தலைவர் வார்ப்புக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "உன்னை நம்பினேனே, பாவி!"

"சத்தியமா எனக்குத் தெரியாது சார்!" வார்ப்புக்காரர் கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்தார். முகம் தெரியாவிட்டாலும் அவர் கண்கள் விரிந்தது தெரிந்தது. ஓரத்தை விரலால் தொட்டார். கறுப்புக் கூழ் இழுபட்டு வந்தது. "ஐயோ, இது இறுகவே இல்லை. மத்ததெல்லாம் நல்லா இறுகியிருக்கு, இதுல மட்டும் ஓரத்துல..." என்று நிறுத்தினார். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டார்.

"சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுமில்லை மேடம்."

"நான் சொல்லட்டுமா? நாலு விரலும் ஒரு கட்டை விரலும் அழுத்தின மாதிரி அஞ்சு இடத்துல மட்டும் இறுகலை. நீங்க ஊத்தி வச்ச கிண்ணத்துல தகட்டைப் போட்டு, ஓரத்தைப் பிடிச்சு அடியில அமுக்கியிருக்காங்க. கனமான தகடு, மூழ்கிடுச்சு. மேல கறுப்பு மூடிக்கிச்சு. நீங்க வந்து ஒண்ணும் தெரியாம அடுப்புல வச்சிட்டீங்க. ஆனா விரல் பட்ட இடம் மட்டும் ஏன் இறுகலை?"

வார்ப்புக்காரர் தலையைக் குனிந்தார். "கந்தகம் மேடம். ரப்பர்ல கந்தகம் இருக்கும். அது பட்டா இந்தப் பாலிமர் ஜென்மத்துக்கும் இறுகாது. அதனாலதான் நாங்க நீலக் கையுறை போடறோம். அது வேற பொருள்."

"நீங்க செஞ்சிருந்தா உங்க வேலை கெட்டுப்போற மாதிரியா செஞ்சிருப்பீங்க? அக்கா கையிலயும் நீலம்தான். சார் கையிலயும் நீலம், என் கையிலயும் நீலம். முகம் பார்க்க வழியில்லாம வந்ததுலேர்ந்து உங்க கையைத்தான் பார்த்துட்டிருக்கேன். ரப்பர் போட்டவர் ஒருத்தர்தான்." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "அண்ணே, உங்க கையுறையைக் கொஞ்சம் காட்டுங்க. கறுப்பு மேல கறுப்பு தெரியாதுதான். ஆனா ஒட்டும்."

முலாம்காரர் கையை நீட்டினார். இன்ஸ்பெக்டரின் நீல விரல் அதன் நுனியில் பட்டு, பிசுக்கென்று பிரிந்தது.

"கழட்டிட்டுத் தொட நேரமில்லை" என்றார் முலாம்காரர் அமைதியாக. "தம்பி, உன் பேர் கெடும்னு நினைக்கலை. மன்னிச்சிடு."

"ஏண்ணே?" மஞ்சளக்காவின் குரல் உடைந்தது. "உங்க கையால வளர்த்தது அது."

"அதனாலதான் கரைக்க மனசு வரலை. கரைச்சிருந்தா யார்னு தெரிஞ்சிருக்காது. ஆனா அது இருந்தாத்தானே குறையைக் காட்ட முடியும்?"

"என்ன குறை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

முலாம்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"சீக்கிரம் முடிக்கணும்னு மின்சாரத்தை ஏத்தச் சொன்னார். ஏத்தினா தொட்டியில குமிழி கிளம்பும். ஒரு குமிழி வரப்பு மேல ஒட்டிக்கிச்சு. அந்த இடத்துல நிக்கல் ஏறலை. காலையில அவருக்குத் தனியா மைக்ராஸ்கோப்புல காட்டினேன். தூசின்னார். தூசி இல்லை சார்னு கெஞ்சினேன். சாயங்காலம் ஆள் வர்றாங்க, வாயை மூடுன்னார்."

"பொடி அளவு பள்ளம்" என்றார் தலைவர். "பாலிமர் வளைஞ்சு கொடுக்கும். ரத்தம் தாண்டிப் போயிடும்."

"போகுமான்னு பார்த்துடலாமே" என்றார் இன்ஸ்பெக்டர். "அச்சு இருக்கு, அது மேல வார்த்த பாலிமரும் இருக்கு. தம்பி, உரிங்க."

வார்ப்புக்காரர் கத்தியால் ஓரத்தின் கூழை வெட்டி விலக்கிவிட்டு நடுப்பகுதியை மெல்ல உரித்தார். அடியில் நிக்கல் பளிச்சென்று மின்னியது. உரித்த கறுப்புத் துண்டில் வாய்க்கால் நுழையும் வாயில் துளையிட்டார். அதைக் கண்ணாடித் தகட்டின் மேல் அழுத்தி ஒட்டவைத்தார். சிரிஞ்சில் பால்போன்ற வெண்ணிறத் திரவம் எடுத்தார். கண்ணாடியைத் திருப்பி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்ததும் திரையில் கறுப்பு நிலமும் அதில் கிளைவிட்ட பாதைகளும் தெரிந்தன.

சிரிஞ்சை அழுத்தினார். வெள்ளைக் கோடு ஓடியது. கிளை பிரிந்தது. முதல் குழி நிறைந்தது, அடுத்தது நிறைந்தது. கடைசிக் குழிக்குப் போகும் வாய்க்காலில் வெள்ளை நுனி வந்து நின்றது. மேலும் அழுத்தினார். நகரவில்லை. குறுக்கே குட்டிச் சுவர்போல ஒரு கறுப்புத் திட்டு.

"அந்தக் குழி எந்த நோய்க்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தலைவர் திரையை விட்டு விலகினார். மஞ்சளக்கா சொன்னாள்: "தைராய்டு குறைபாடு. பிறந்ததும் கண்டுபிடிச்சா தினம் ஒரு மாத்திரையில சமாளிச்சுடலாம். விட்டா மூளை வளராது. ரத்தம் போகலைன்னா நிறம் மாறாது. நோய் இல்லைன்னு எழுதிடுவாங்க."

"என் தங்கச்சி பையனுக்கு அப்படித்தான் எழுதினாங்க" என்றார் முலாம்காரர். "எங்கேயோ செஞ்ச சோதனை, யாரோ செஞ்ச தப்பு. அஞ்சு வயசாகுது, இன்னும் பேச்சு வரலை. நான் கத்தினா யார் சார் கேட்பாங்க? அச்சு காணாமப் போனா புதுசா செஞ்சுதானே ஆகணும்?"

வாசல் மணி அடித்தது. கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாசல் கதவின் கண்ணாடிக்கு அப்பால் கோட்டு போட்ட இரண்டு பேர் கையசைத்தார்கள்.

தலைவர் தகட்டை எடுக்கக் கையை நீட்டினார். வார்ப்புக்காரர் குறுக்கே வந்து நின்றார். "இதுல நான் வார்க்க மாட்டேன் சார்."

"நான் புதுத் தட்டு பூசப் போறேன்" என்று மஞ்சளக்கா தன் அறைக்குப் போய்விட்டாள்.

"புகார் கொடுத்தது நீங்க" என்று இன்ஸ்பெக்டர் தலைவரிடம் சொன்னார். "நான் இவரைக் கூட்டிட்டுத்தான் போகணும். என் அறிக்கையில அந்தத் திரையில பார்த்ததையும் எழுதுவேன். அவங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்கன்னு நீங்க முடிவு பண்ணிக்கங்க."

தலைவர் கண்ணாடிக்கு அப்பால் நின்றவர்களைப் பார்த்தார். உடைக்குள் அவர் திடீரென்று சிறுத்துப்போனதுபோல் இருந்தது. தகட்டைத் தானே பெட்டியில் வைத்து மூடினார். "தேதியைத் தள்ளிப் போடச் சொல்றேன்" என்றார். "புகாரும் வேண்டாம்."

"எழுதிக் கொடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெளியே வந்து மூடியைக் கழற்றியதும் அவர் ஆசை தீர மூக்கைச் சொறிந்துகொண்டார். காற்றை வாய் நிறைய விழுங்கினார். பக்கத்தில் முலாம்காரர் மறைப்பை அவிழ்த்தார். நரைத்த மீசை, கண்ணைச் சுற்றிக் கண்ணாடியின் சிவந்த தடம். இந்த முகத்தை முதலிலேயே பார்த்திருந்தால் ஒரே கேள்வியில் கண்டுபிடித்திருப்பேன் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார்.

"தங்கச்சிக்கு ஒரு போன் பண்ணிக்கட்டுமா மேடம்? இந்நேரம் தேடியிருக்கும்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றார்.

"ஆமாம்மா, கொஞ்சம் லேட்டாயிடுச்சு... ஒண்ணுமில்லை, வந்து சொல்றேன்... பையன் கிட்ட கொடு." அவர் காத்திருந்தார். மறுமுனையில் சொல் எதுவும் வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மாமாடா" என்றார். "மாமா பேசறேன், கேட்குதா?"