ஆறு பொட்டலங்கள்

"என்னைப் போலீஸ்ல ஒப்படைக்கணும் சார். எங்க போய், யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்த அந்தச் சிறிய அலுவலகத்தில், நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்துகொண்டு அவள் இதைச் சொன்னாள். ஒரு நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்காரும் உரிமையைக்கூட அவள் பத்து நாட்களாகத் தனக்கு அளித்துக்கொள்ளவில்லை.

துப்பறிவாளர் பென்சில் சீவுவதை நிறுத்தவில்லை. அவருடைய மைத்துனர் மட்டும் குறிப்பேட்டை ஆவலோடு புரட்டினார். ஆயுள் காப்பீட்டு முகவர் வேலையை விட்டுவிட்டு, அத்தானின் வழக்குகளுக்குத் தம்மைத் தாமே உதவியாளராக நியமித்துக்கொண்டவர் அவர்.

"வழக்கமா குத்தவாளியை நாமதான் தேடிப் போவோம், அத்தான். இப்படி மாடி ஏறி வர்றது இதான் முதல் தடவை."

"நீ கொஞ்சம் சும்மா இரு. என்னம்மா செஞ்சீங்க?"

"எங்க அக்காவுக்கு விஷம் வெச்சேன்."

"அக்கா?"

"பொழைச்சுட்டா. மூணு நாள் ஆஸ்பத்திரியில கண்ணே திறக்கல. இப்ப விடுதியில ரூம் எடுத்துத் தங்கியிருக்கா."

"எதுக்காக வெச்சீங்க?"

"தெரியல சார். தூக்கத்துல வெச்சேன்."

பென்சில் நின்றது.

அவள் ஒரு மருந்துக் கடையில் கம்பவுண்டர். பொடிகளை நிறுத்து, தாளில் மடித்துக் கொடுக்கும் பழைய வழக்கம் அந்தக் கடையில் இன்னும் இருந்தது. ஒரு மணி முதல் நான்கு மணி வரை கடை மூடியிருக்கும். அந்த நேரத்தில் அவள் தன் அறைக்குப் போய், மாலைக்கு வேண்டிய பொட்டலங்களைச் சன்னலோர மேசையில் மடித்து வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் தூங்குவாள். அறையில் இரண்டு ஆண்டுகளாக ஒரு தோழியும் உடன் இருந்தாள். பள்ளி அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்யும் அவளுக்கும் மதியத்தோடு வேலை முடிந்துவிடும்.

"ரொம்ப நல்லவ சார். எனக்கு ஒரு தலைவலின்னா அவ சாப்பிட மாட்டா. நான் பொட்டலம் மடிக்கும்போது மேசைக்கு எதிர்ல உக்காந்து, கன்னத்துல கை வெச்சுப் பாத்துக்கிட்டே இருப்பா. என்னைப் போலவே துணி வாங்குவா. தலைகூட என்னைப் போலவே வாருவா. என்ன, நான் இடப்பக்கம் வகிடு எடுத்தா, அவ வலப்பக்கம். கண்ணாடி முன்னாடி நிக்கிற மாதிரி இருக்குன்னு கடைக்காரர்கூடக் கேலி பண்ணுவார்."

"தூக்கத்துல நடக்கிறது எப்போலேருந்து?"

"ஆறு மாசமா. ஒருநாள் எழுந்து பாத்தா என் செருப்பு தண்ணி வாளிக்குள்ள கிடக்கு. இன்னொரு நாள் அக்கா எழுதின கடிதம் நாலாக் கிழிஞ்சு கிடக்கு. நானே செஞ்சேனாம். எனக்கு எதுவும் ஞாபகமில்லை. 'பயப்படாதே கண்ணு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னு அவதான் தைரியம் சொன்னா."

"அக்கா அந்தக் கடிதத்துல என்ன எழுதியிருந்தாங்க?"

"அவ ஊர் ஆஸ்பத்திரியில எனக்கு வேலை காலியிருக்கு, வந்து கூட இருன்னு. ஆறு மாசமா இதேதான் எழுதறா."

துப்பறிவாளர் தலையசைத்தார். மைத்துனர் எதையோ எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

சம்பவத்தன்று நடந்ததை அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். அக்காவுக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல். அதற்கு ஆறு பொட்டலம் மடித்து, அக்கா பெயரை எழுதிய உறையில் போட்டு மேசைமீது வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். நான்கு மணிக்கு அக்கா வந்தாள். வேலை பற்றிப் பேச்சு எழுந்தது, பேச்சு சண்டையாயிற்று. உறையோடு கிளம்பிய அக்கா, பேருந்தில் ஒரு பொட்டலத்தை வாயில் போட்டுக்கொண்டு சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தூக்க மருந்து அளவுக்கு மீறி இறங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார்.

"நான் தூங்கும்போதே எழுந்து, என் தோழியோட தூக்க மாத்திரையை இடிச்சுப் பொடியாக்கி, ரெண்டு பொட்டலம் புதுசா மடிச்சு உறையில மாத்தி வெச்சேனாம். அவ கண்ணால பாத்திருக்கா. கடை வேலை செய்யறேன்னு நினைச்சு எழுப்பலையாம். அக்கா விழுந்ததும்தான் அவளுக்கு விளங்கிச்சாம்."

"அறைக்கு வேற யாராவது வந்தாங்களா?"

"கதவு உள்ள தாழ் போட்டிருந்துச்சு. நானும் அவளும்தான்."

"மருந்துக் கடை முதலாளி எப்படி?" என்று மைத்துனர் இடையில் நுழைந்தார்.

"எறும்பு மருந்துக்கே டாக்டர் சீட்டு கேக்கறவர் சார் அவர்."

மைத்துனர் அடிக்கோட்டை அழித்தார்.

"அக்கா டாக்டர்கிட்ட, மாத்திரையைத் தானே தெரியாம அதிகமாப் போட்டுக்கிட்டதாப் பொய் சொல்லிட்டா," என்றாள் அவள். "என்னைக் காப்பாத்த அவ ஒரு பக்கம் பொய் சொல்றா. இவ ஒரு பக்கம் வாயை மூடிட்டு இருக்கா. 'நீ இனிமே அக்கா பக்கமே போகாதே, என்கூடவே இரு, நான் பாத்துக்கறேன்'ங்கறா. ரெண்டு பேர் தலையிலயும் என் பாவத்தை ஏத்தி வெச்சிருக்கேன். எனக்குச் சோறு இறங்கல சார்."

கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து மேசைமீது வைத்தாள். மிச்சமிருந்த ஐந்து பொட்டலங்கள். அக்காவின் பையிலிருந்து எடுத்த அன்று முடிச்சுப் போட்டவள், பிறகு அவற்றைத் திறந்து பார்க்கவே இல்லை.

"பையில அந்த டப்பா என்ன?"

"இன்னைக்கு மதியம் மடிக்க வேண்டிய பொடி. அதே வயித்தெரிச்சல் பொடிதான். தாளும் இருக்கு."

"வேலை கெடவேண்டாம். மடிச்சுக்கிட்டே பேசுங்க. அக்கா உங்களைவிட எத்தனை வயசு பெரியவங்க?"

அவள் அக்காவைப் பற்றிப் பேசினாள். கைகள் தாமாக இயங்கின. பொடியைத் தாளின் நடுவில் கொட்டி, நீளவாக்கில் மடித்து, மடிப்பின் முதுகைத் தனக்கு எதிர்ப்புறமாகத் தள்ளி, இரு முனைகளையும் திருப்பி, ஒன்றை மற்றொன்றுக்குள் செருகின. பத்துப் பொட்டலம் ஆனதும் துப்பறிவாளர் கேட்டார்: "எந்த முனையை எந்த முனைக்குள்ள செருகறீங்க?"

அவள் யோசித்தாள். தெரியவில்லை. ஏழு ஆண்டுகளாக நாள்தோறும் இருநூறு பொட்டலம் மடிக்கிறாள். தெரிந்தது கைக்கு, அவளுக்கல்ல.

துப்பறிவாளர் அந்தப் பத்தையும், கைக்குட்டையில் இருந்த ஐந்தையும், மடிப்பின் முதுகு மேலே இருக்கும்படி இரண்டு வரிசையாக அடுக்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மைத்துனரைத் தனியே அழைத்து மூன்று பேருக்குத் தொலைபேசச் சொன்னார்.

நான்கு மணிக்கு அறைத்தோழி மாடி ஏறி வந்தாள். அதே நீல உடை, அதே கைக்கடிகாரம். வந்ததும் வராததுமாக இவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்கெல்லாம் தேடறது கண்ணு? கடையில இல்ல, ரூம்ல இல்ல. சாப்பிட்டியா?"

இந்த அன்புக்கு எப்படிக் கைம்மாறு செய்வது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

"உங்க தோழி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாங்க," என்றார் துப்பறிவாளர். "நீங்க கண்ணால பாத்த சாட்சி. அன்னைக்கு எப்படி மடிச்சாங்கன்னு கொஞ்சம் செஞ்சு காட்ட முடியுமா?"

"அவ மடிக்கறது எனக்கு மனப்பாடம் சார். கண்ணை மூடிக்கிட்டே செய்வேன்."

உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு மடித்தாள். விரல் வளைவு, நகத்தால் நீவும் விதம், முடிவில் ஒரு தட்டு என எதுவும் பிசகவில்லை. தன் கைகளை வேறொருத்தியின் உடம்பில் பார்ப்பதுபோல் இருந்தது இவளுக்கு.

துப்பறிவாளர் அந்தப் பொட்டலத்தை வரிசையின் ஓரத்தில் வைத்தார்.

"இங்க பத்து இருக்கு. கம்பவுண்டரம்மா என் முன்னால மடிச்சது. பத்துலயும் வலது முனை இடது முனைக்குள்ள போயிருக்கு. அக்காவோட உறையில மிஞ்சினது அஞ்சு. அதுல நாலு இதே மாதிரி. ஒண்ணுல மட்டும் இடது முனை வலதுக்குள்ள. பிரிச்சுப் பாத்தேன். வெள்ளைப் பொடிக்கு நடுவுல மாத்திரையோட நீலத் துகள்."

"தூக்கத்துல கை மாறியிருக்கலாமே, அத்தான்," என்றார் மைத்துனர்.

"தூக்கத்துல புத்திதான் மாறும். ஏழு வருஷம் பழகின கை மாறாது. சரி, அந்த அறையில இருந்தது ரெண்டே பேர், கதவு தாழ். ஒருத்தர் கை இது இல்லைன்னா?" அவர் கடைசிப் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினார். "இப்ப நீங்க மடிச்சது. இடது முனை, வலதுக்குள்ள."

அறைத்தோழி குனிந்து அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"நீங்க இவங்களை ரெண்டு வருஷமாக் கத்துக்கிட்டீங்க. ஒரு பிழையும் இல்லாமக் கத்துக்கிட்டீங்க. ஆனா எதிர்ல உக்காந்து கத்துக்கிட்டீங்க. அவங்க வலது, உங்களுக்கு இடது. வகிட்டுலயும் அதேதான். வாளிக்குள்ள போன செருப்பும் கிழிஞ்ச கடிதமும் யார் வேலைன்னு நான் இனிமே கேக்கத் தேவையில்லை."

அப்போதும் அறைத்தோழி துப்பறிவாளரைப் பார்க்கவில்லை. தோழியைத்தான் பார்த்தாள். கோபமே இல்லாத, ஏறக்குறைய வியப்பான பார்வை.

"நீதானே சொன்னே கண்ணு. அதுக்கு முந்தின வாரம், தலை வாரிக்கும்போது. 'அக்கா வராமலே இருந்தா நல்லாயிருக்கும்'னு. நீ சொல்லி நான் எதைச் செய்யாம இருந்திருக்கேன்?"

தொலைபேசி அழைப்பில் முன்பே வந்து உள்ளறையில் காத்திருந்த உதவி ஆய்வாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் சொன்னபடி அறைத்தோழி எழுந்து நடந்தாள். வாசலில் மட்டும் திரும்பி, "ராத்திரிக்கு ஏதாவது சாப்பிடு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

குற்றம் தன்னுடையது அல்ல என்று தெரிந்தால் பாரம் இறங்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவளுக்கு அது இறங்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்தது. விஷத்தைத் தான் வைக்கவில்லை. அந்த வாக்கியத்தைத் தான்தான் வைத்தாள்.

உள்ளறையிலிருந்து அக்கா வந்தாள். பத்தே நாளில் வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அது நிஜம்க்கா. நான் அப்படிச் சொன்னேன்."

"தெரியும். கதவு ஒண்ணும் அவ்வளவு கனமில்லை," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் அக்கா. "நீ பிறந்த அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு அம்மா சொன்னதில்லையா? எங்கேருந்து தூக்கிட்டு வந்தியோ அங்கேயே திருப்பிக் கொடுத்துட்டு வான்னு. ஒரு வாரம் சொன்னேன். என் நல்ல நேரம், கேக்க அப்படி ஒரு சிநேகிதி எனக்கு இல்ல."

மைத்துனர் சிரித்துவிட்டு, அத்தானின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

"காலையிலேருந்து வயிறு எரியுது," என்றாள் அக்கா. "இதுல நல்லது எது?"

கை நீட்டி, தங்கை மடித்த பத்தில் ஒன்றைத் தானே எடுத்தாள். எந்த முனை எதற்குள் இருக்கிறது என்று பார்க்கவில்லை. பிரித்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயில் கொட்டி, துப்பறிவாளரின் தண்ணீர்க் குவளையைக் கேளாமலே எடுத்துக் குடித்தாள். பிறகு ஊருக்குப் போகும் பேருந்து எத்தனை மணிக்கு என்று மைத்துனரை விசாரிக்கத் தொடங்கினாள்.

அவர் சொன்ன பதில் எதுவும் தங்கையின் காதில் விழவில்லை. அக்காவின் இமைகள் மூடித் திறப்பதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.