தூரமாடத்தில் ஓர் இடம்

சனிக்கிழமை என்றால் வடிவாம்பிகை வீட்டில் அடுப்பு சீக்கிரமே பற்றிவிடும். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வெளியே போகக் கூடாது. ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு தம்ளர் உப்புப் போட்ட மோர். அதன்பிறகு வெள்ளை அங்கி, விளிம்பு அகன்ற தொப்பி. மூத்தவள் நித்திலாவுக்குப் பதினொரு வயது. எழுந்ததும் கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டாமல் அவளால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. இளையவள் செண்பகத்துக்கு ஏழு வயது. அவளுக்கு இன்னும் கண்ணாடி வரவில்லை. ஏழு வயதில் வெறும் முகத்தோடு நடக்கும் பிள்ளையைத் தெருவில் நின்று பார்ப்பவர்கள் உண்டு.

"ஏளா, அங்கிய ஒழுங்கா கட்டு. காத்துல பறக்கும்" என்றாள் வடிவு.

"காத்து இருந்தா நல்லதுதானம்மா" என்றாள் நித்திலா. "தூசி இல்லாம மல தெளிவா தெரியும்."

திருநெல்வேலிக்கு மேல் நிழற்கூரை போட்டு முப்பது வருடம் ஆகிறது. வெப்பம் தாங்க முடியாமல் ஊரையே மூடிய காலம் அது. மூடிய பிறகு மனிதர்கள் பிழைத்துக்கொண்டார்கள், கண்கள்தான் பிழைக்கவில்லை. கூரைக்குக் கீழே எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்தடியில் ஒரு சுவர் நின்றது. வெளிச்சம் விளக்கிலிருந்து வந்தது. வெயிலையும் தூரத்தையும் பார்க்காத பிள்ளையின் கண், வளரும் வயதில் நிறுத்தத் தெரியாமல் பின்பக்கமாக நீண்டுகொண்டே போகும். நீண்ட கண்ணில் தூரத்துப் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும்.

அதைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுப்பதுதான் கண்ணாடியின் வேலை. வடிவுக்கு அது நன்றாகவே தெரியும். கண்ணாடிக் கூடத்தில் வில்லைகளை ஓரம் சீவிச் சட்டத்தில் பொருத்துவதுதான் அவள் உத்தியோகம். மைனஸ் வில்லை நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும். பவர் கூடக் கூட ஓரம் இன்னும் தடிக்கும். அது பார்வையைத்தான் சரிசெய்யும், கண் நீளுவதை நிறுத்தாது. அளவுக்கு மேல் நீண்டால் உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்து, ஒருநாள் கிழியலாம். அவர்கள் தெருவிலேயே இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் அப்படி ஒரு கண்ணை இழந்திருந்தான். கண் ஓரத்தில் மின்னல் மின்னியதாம். அவன் அதை ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டான்.

நீளுவதை மெதுவாக்க ஒரே வழி, தூரமாடம். ஊரின் மேற்குக் கோடியில் கூரைக்கு மேலே எழுப்பிய திறந்த மாடம் அது. வெயில் ஏறுவதற்கு முன் பிள்ளைகளை அங்கே உட்கார வைப்பார்கள். அவர்கள் வேறு எதுவும் செய்ய வேண்டாம். தூரத்தைப் பார்க்க வேண்டும். மேற்கே மலைத்தொடர் நீலமாகக் கிடக்கும்.

மாடத்தின் வாசலில் மன்சூர் பாய், கண்ணின் நீளத்தை அளந்து பவரைக் காட்டும் விழிநீளமானியோடு உட்கார்ந்திருந்தார். நித்திலாவை நான்கு வயதிலிருந்து அளக்கிறவர். தாடையை வைக்கச் சொல்லி, இரண்டு கண்ணையும் அளந்தார். பிறகு இன்னொரு முறை அளந்தார்.

"என்ன பாய்?" என்றாள் வடிவு.

"கொஞ்சம் இப்படி வா தங்கச்சி."

தூணுக்குப் பக்கத்தில் அவளை அழைத்துப் போனார். இந்த வருடம் வெயில் முன்னாலேயே வந்துவிட்டது, இனி மாடம் ஒரு வேளைதான் திறக்கும், பாதி இடம்தான் இருக்கும் என்று நேற்று ஆணை வந்திருக்கிறதாம். மைனஸ் ஆறைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இனி இடம் கிடையாது. இன்னும் காப்பாற்றக்கூடிய கண்களுக்கு மட்டும்தான்.

"நித்திலாவுக்கு ஆறே கால்" என்றார்.

"போன மாசம் ஆறுக்குள்ளதான இருந்திச்சு?"

"வளருத வயசும்மா."

"இன்னொரு தடவ பாருங்க பாய். காலைல எந்திச்சதும் கொஞ்சம் கூடக் காட்டும்னு நீங்கதான் சொல்லுவீய."

"ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"கால்தான பாய் கூட இருக்கு? நீங்க ஆறுன்னு போட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

மன்சூர் பாய் நீளமானியைக் காட்டினார். "நான் போட எங்க விடுது? அதுவே அனுப்பிருது. என் பேத்திக்கும் நேத்தோட இடம் போச்சு. நான் என்ன செய்ய, சொல்லு?"

வடிவு திரும்பிப் பார்த்தபோது பிள்ளைகள் வரிசையில் கையைக் கோத்தபடி நின்றார்கள். நித்திலா இவர்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். தங்கையின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள்.

"நீ போ செம்பா. எனக்குத் தலவலிக்கு."

"நீயும் வா."

"தலவலிக்குன்னு சொல்லுதேம்லா. போயிட்டு வந்து என்னெல்லாம் பாத்தன்னு சொல்லு."

செண்பகம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியேறினாள்.

பிள்ளைகளின் அப்பா மாசானமுத்து கூரைமேல் வேலை செய்கிறவன். வெயிலில் உடம்பைக் குளிர வைக்கும் குளிர்அங்கி மாட்டிக்கொண்டு உடைந்த தகடுகளை மாற்றுவான். ஊரில் தினமும் மலையைப் பார்க்கிறவர்கள் அவனும் அவனுடைய கூட்டாளிகளும்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய்ப் பிள்ளையை ஒரு அரைமணி நேரம் மேலே கூட்டிப் போகலாமா என்று கேட்டான். பிள்ளை அளவுக்குக் குளிர்அங்கியே தயாரிப்பதில்லை என்று அவர் சொன்னார். அங்கி இல்லாமல் மேலே போய்ச் சுருண்டு விழுந்த ஆட்களை அவனே தூக்கி வந்திருக்கிறான். அதற்குமேல் கேட்கவில்லை.

"இங்கயே ஒரு பெரிய விளக்கு வச்சா என்ன?" என்றான் வடிவிடம்.

"வெயில் அளவுக்கு விளக்கு போட்டா கூரைக்குள்ள வெந்துருவோம். அதெல்லாம் செஞ்சு பாத்துட்டாவ."

அதன்பிறகு சனிக்கிழமைகளில் செண்பகம் மட்டும் போனாள். திரும்பி வந்ததும் அங்கியைக்கூடக் கழற்றாமல் அக்காவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். மலை மேல் மேகம் படுத்திருந்தது என்பாள். ஒரு வாரம் ஒரு பெரிய பறவை மாடத்தைச் சுற்றி வந்தது. அடுத்த வாரம் அது குஞ்சுகளோடு வந்தது. மலையிலிருந்து ஓர் அருவி விழுவது வெள்ளை நூல் மாதிரி தெரிந்தது. நித்திலா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருத்தியாவது பார்க்கிறாளே என்று வடிவு அடுப்படியிலேயே நின்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கண்ணாடி வராத பிள்ளைகளுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் அளவு. நான்காம் மாதம் மன்சூர் பாய் செண்பகத்தை அளந்தார். முன்பு அக்காவை அளந்தபோது செய்த மாதிரியே இன்னொரு முறையும் அளந்தார்.

"ஒண்ணே முக்கால்" என்றார்.

"யாருக்கு?"

"செண்பகத்துக்குத்தான்."

வடிவு ஒரு வாரம்கூடத் தவறாமல் அனுப்பிய பிள்ளை. நான்கு மாதத்தில் இத்தனை ஏறாது. மாடத்துக்கே வராத பிள்ளைக்குத்தான் ஏறும்.

"மிசின் கோளாறா இருக்குமோ பாய்?"

அவர் மாடத்துப் பணிப்பெண் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். அவள் வந்து, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசத் தயங்கினாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்.

"நானே உங்களப் பாக்கணும்னு இருந்தேங்க்கா. பாப்பா அங்க உக்காந்ததும் கண்ண மூடிக்கிடுதா. தொப்பிய முன்னால இழுத்து விட்டுக்கிடுதா. முதல்ல வெயில் கூசுதுன்னு நெனச்சேன். தொறன்னு சொன்னா தொறப்பா. நான் அடுத்த பிள்ளைட்ட போனதும் மூடிருவா."

வடிவு மகளைப் பார்த்தாள். செண்பகம் தரையைப் பார்த்தாள்.

"அப்பம் அந்தப் பறவை?"

"சும்மா சொன்னேன்."

"அருவி?"

"அதுவும்தான்."

"ஏம்ளா இப்படிச் செஞ்ச?"

"அக்கா பாக்கக் கூடாதத நான் மட்டும் எதுக்குப் பாக்கணும்?"

"உன் கண்ணு கெட்டுப் போகும்ளா!"

"ஆறு வந்தா என்னையும் விட மாட்டாங்கல்லா. அப்பம் நானும் அக்காகூட வீட்ல இருப்பேன்."

அடிக்கத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. இந்தக் கணக்கை இவள் யாரிடமும் கேட்டுப் போடவில்லை. வரிசையில் நின்று, பெரியவர்கள் பேசியதைக் கேட்டு, தானே போட்டிருக்கிறாள்.

மன்சூர் பாய் தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தார். பயப்படும் சிறு பிள்ளையோடு தாய் ஒருமுறை உள்ளே போகலாம் என்று விதியில் ஓர் இடம் இருந்தது. அதன்படி அனுப்பினார்.

வடிவு படியேறிக் கதவைத் தாண்டியபோது காற்று முகத்தில் அறைந்தது. மலையைச் சிறுமியாக இருந்தபோது பார்த்தது. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். தன் தடித்த கண்ணாடிக்குள் மலை நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக, கடைசி வரிசை வானத்தோடு கலந்துபோகும்வரை. பத்தடியில் எதுவுமே தடுக்காமல் பார்வை போய்க்கொண்டே இருந்தது. உடம்பு லேசானது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, மகளின் கை தன் கைக்குள் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

நினைவு வந்து குனிந்தபோது செண்பகம் கண்களை இறுக்கி மூடியிருந்தாள்.

"செம்பா, இங்க பாரு. என் தங்கம்லா. எம்புட்டு அழகா இருக்கு பாரு."

பிள்ளை தலையை ஆட்டினாள்.

"அக்காதான உன்னப் போகச் சொன்னா? அவளுக்காகப் பாரேன்."

"அவ பொய் சொன்னா. அவளுக்குத் தலவலியே இல்ல."

சுற்றிலும் வெள்ளை அங்கிப் பிள்ளைகள் சத்தமில்லாமல் மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தரை சுடத் தொடங்கியிருந்தது. ஜெசிந்தா தூரத்திலிருந்து இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று கையைக் காட்டினாள். வடிவு மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றி, மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து மலைப் பக்கம் திருப்பினாள். கெஞ்சினாள். அதட்டினாள். பிறகு கட்டைவிரலை வைத்து ஓர் இமையை மெல்ல மேலே தூக்கினாள்.

உள்ளே வெள்ளை மட்டுமே தெரிந்தது. கருவிழியைப் பிள்ளை மேலே செருகிக்கொண்டிருந்தாள்.

வடிவு விரலை எடுத்தாள். இமை மூடிக்கொண்டது. அதன் ஓரத்தில் கண்ணீர் கசிந்து கன்னத்தில் இறங்கியது. வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் தொப்பியை எடுத்து மறுபடியும் பிள்ளையின் தலையில் வைத்தாள்.