ஐயாயிரத்து அறுபது பேர்

மானாவயல் அரசு மருத்துவமனையில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தலையைத் தாங்கி வெளியே எடுத்த கைகள் டாக்டர் ஃபர்ஹானாவுடையவை. ஃபர்ஹானா அப்போது கிளாஸ்கோவில், தன் வீட்டு உணர்படுக்கையில் படுத்திருந்தார். அவர் அங்கே விரலை மடக்கினால் மானாவயலில் நின்ற தொலையுடல் இங்கே விரலை மடக்கும். குழந்தையின் உச்சந்தலைச் சூடு கடல் கடந்து அவர் உள்ளங்கைக்குப் போய்ச் சேர்ந்தது.

"மூணு கிலோ இருப்பா போல" என்றார். தராசு மூன்று கிலோ நூறு காட்டியது.

அதே நேரத்தில் மருத்துவமனை வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பேரூராட்சித் தலைவர் மகிழினி தன் அரிசி ஆலையிலிருந்து தவிடு படிந்த புடவையோடு வந்து அதைப் படித்தார். மக்கள்தொகை ஐயாயிரத்துக்குக் கீழே போன ஊர்கள் பேரூராட்சி என்ற நிலையை இழக்கும். மருத்துவமனை, மேல்நிலைப் பள்ளி, வங்கிக் கிளை, பேருந்து நிலையம் நான்கும் ஓராண்டுக்குள் எடுக்கப்படும். மானாவயலின் மக்கள்தொகை நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

"உள்ள ஒரு பிள்ளை பொறந்திருக்கு. நூற்றுப் பதிமூணுன்னு திருத்தச் சொல்லவா?" என்றார் துணைத்தலைவர் தவசிநாதன். அவர் டிராக்டர் பழுது பார்ப்பவர். எவ்வளவு பெரிய கவலையானாலும் இப்படித்தான் பேசுவார்.

மகிழினி சிரிக்கவில்லை. கடைத்தெருவைத் திரும்பிப் பார்த்தார். பல் வைத்தியர் கடை திறந்திருந்தது. வைத்தியர் படுத்திருப்பது கோயம்புத்தூரில். தையற்கடையில் சகாயராஜ் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். அவர் படுத்திருப்பது சென்னையில். பள்ளியின் கணக்கு ஆசிரியர், கால்நடை மருத்துவர், எண்ணெய்ச் செக்கின் மேலாளர் என ஆயிரத்து முந்நூற்று முப்பத்தேழு தொலையுடல்கள் அன்றாடம் அந்த ஊரில் நடமாடின. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, அவை வரத் தொடங்காத காலத்தில், கடைத்தெருவில் பாதிக் கடைகளுக்குப் பூட்டு தொங்கியது. இப்போது வாடகைக்கு ஒரு கடை கிடைப்பதில்லை.

"இத்தனை பேரும் யாரு தவசி?"

"நம்ம ஊர்க்காரங்கதான்."

"அரசாங்கத்துக்கு அது தெரியலையே" என்றார் மகிழினி.

அவர் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பாயம் சென்னையில் இருந்தது. வேலை நாள் தோறும் விசாரணை, மனுதாரர் முழு நேரமும் இருக்க வேண்டும் என்று விதி. ஊரையும் ஆலையையும் விட்டுவிட்டுச் சென்னையில் போய்த் தங்க அவரால் முடியாது. ஆலைக்குப் பின்புற அறையில் ஓர் உணர்படுக்கை இருந்தது. அது அவர் கணவர் நெடுமாறனுடையது. நெடுமாறன் பிற்பகலில் தொடங்கி இரவு உணவு வரை அதில் படுத்து, ஹாலந்து துறைமுகம் ஒன்றில் பாரந்தூக்கி ஓட்டுவார். அதற்கு அருகில் இன்னொரு படுக்கையைப் போட்டுக்கொண்டு மகிழினி காலை ஒன்பதரைக்குப் படுப்பார். சென்னையில் ஒரு வாடகைத் தொலையுடல் எழுந்து தீர்ப்பாயத்துக்கு நடந்து போகும். மாலை ஐந்தரைக்கு அது நாற்காலியில் உட்காரும். இவர் எழுந்து ஆலைக் கணக்கனிடம் அன்றைய நெல் வரத்தைக் கேட்பார்.

மூன்று மாதம் எதுவும் நகரவில்லை. அரசு வழக்கறிஞர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சகாயராஜ் என்ற தையற்காரர் சென்னையில் எண்ணப்பட்டவர். அவரை மானாவயலிலும் எண்ணினால் ஒரு மனிதர் இரண்டு மனிதராகிவிடுவார். நாட்டின் மக்கள்தொகை ஒரே நாளில் கோடிக்கணக்கில் ஏறிவிடும்."

நீதிபதி மகிழினியைப் பார்த்தார். "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

மகிழினி வாயில் வந்ததைச் சொன்னார்.

"ரெண்டு தடவை எண்ண வேணாங்கய்யா. ஒரே தடவை எண்ணுங்க. ஆனா தூங்குற எடத்துல எதுக்கு எண்ணுறீங்க? கட்டிலுக்கா பஸ் விடுறோம்? ஒரு ஆளு முழிச்சிருக்கையில கை எங்க வேலை செய்யுதோ, அங்க எண்ணுங்க."

நீதிபதி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். வழக்கறிஞர் எழுந்தார்.

"உங்கள் ஊரிலிருந்து முந்நூற்று எண்பத்தெட்டுப் பேர் தொலையுடல் மூலம் வெளியூரில் வேலை செய்கிறார்கள். அப்படியானால் அவர்கள் உங்கள் கணக்கிலிருந்து போய்விடுவார்கள். சம்மதமா?"

மகிழினி ஒரு நாள் அவகாசம் கேட்டார்.

அன்று இரவு பள்ளி மைதானத்தில் அந்த முந்நூற்று எண்பத்தெட்டுப் பேரையும் கூட்டினார். கழித்துக் கூட்டினால் ஐயாயிரத்து அறுபத்தொன்று வருகிறது, ஊர் பிழைக்கும், ஆனால் உங்கள் பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்காது என்று மறைக்காமல் சொன்னார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையில் ஒரு பெண், "பொறந்த ஊர்லயே எங்களை அசலூர்க்காரின்னு எழுதுவாகளா?" என்று கேட்டார்.

நெடுமாறன் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர்.

"எம் பேர ஹாலந்துல எழுதிக்கட்டும். எம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா தூக்கிக்கிட்டு ஓட இங்க ஆசுபத்திரி வேணும். எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கேள்வி கேட்ட பெண்தான் முதலில் கையெழுத்துப் போட வந்தார்.

கடைசிச் சாட்சி டாக்டர் ஃபர்ஹானா. கிளாஸ்கோவிலிருந்து திரையில் அவரது சொந்த முகமே தெரிந்தது. ஐந்து வருடம் பழகிய மகிழினி அதை முதல் முறையாகப் பார்த்தார். நரைத்த தலை, தூக்கமில்லாத கண்கள்.

"இங்க என் பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார் ஃபர்ஹானா. "மானாவயல்ல இருநூற்றுப் பதினாலு குழந்தைகளை என் கையில வாங்கியிருக்கேன். தெருவுல போனா எந்தக் குழந்தை எந்தப் பக்கம் திரும்பிப் பொறந்ததுன்னு சொல்லுவேன். நான் எந்த ஊர்க்காரின்னு நீங்களே சொல்லுங்க."

தீர்ப்பு ஐந்தாம் மாத முடிவில் வந்தது. கணக்கெடுப்புக்கு முந்தைய நூறு நாட்களில் ஒருவர் விழித்து வேலை செய்த நேரத்தின் பெரும்பகுதியில் அவர் கைகள் எங்கே இயங்கினவோ, அதுவே அவர் ஊர். மாநிலம் முழுவதற்கும் இதுவே விதி.

மானாவயலில் அன்று கடைகளை மூடிவிட்டுக் கொண்டாடினார்கள். தொலையுடல்களுக்கு ஆடத் தெரியாது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பறைச்சத்தம் கேட்டதும் பல் வைத்தியர் கடைத்தெரு நடுவில் இறங்கி ஆடிய ஆட்டத்தில் அவரது முழங்கால் இணைப்பு ஒன்று கழன்று விழுந்தது. தவசி அங்கேயே உட்கார்ந்து அதை மாட்டிவிட்டார். பேருந்து நிலையத்துக்கு இனிமேல் ஆபத்தில்லை என்று ஓட்டுநர்கள் நான்கு பேருந்துகளுக்கும் மாலை போட்டார்கள். கூட்டம் மகிழினியைத் தூக்கிச் சுமந்துகொண்டு மருத்துவமனை வரைக்கும் போனது. அறிவிப்பை அவர் கையாலேயே கிழிக்கச் சொன்னார்கள். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று அவர் எதிர்பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து அதிகாரப்பூர்வப் பட்டியல் வந்தது. தவசி அதை எடுத்துக்கொண்டு ஆலைக்கு வந்தார். முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"ஐயாயிரத்து அறுபதுன்னு போட்டிருக்காங்கக்கா."

"அறுபத்தொண்ணு வரணுமே. யாரு விட்டுப்போச்சு?"

தவசி பட்டியலை நீட்டினார். மகிழினி தன் வீதியைத் தேடி, வீட்டு எண்ணைத் தேடி, விரலை வைத்தார். அந்த வீட்டில் அவர் மகள் பெயர் மட்டும் இருந்தது.

"நூறு நாளு நீங்க அங்கதான இருந்திருக்கீங்க" என்றார் தவசி மெல்ல. "சென்னை, நூற்றுப் பன்னிரண்டாவது வட்டம். ஊர்ல இல்லாதவங்க தலைவரா இருக்க முடியாதாம். நேத்து தேதியிலேருந்து என்னைப் பொறுப்புத் தலைவர்னு போட்டிருக்காங்க. நான் வேணாம்னு எழுதிடுறேன்க்கா."

மகிழினி நெல் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

"சட்டம் சரியாத்தான் வேலை செய்யுது. எழுதாத. நீயே பாரு" என்றார்.

அடுத்த வாரம் அவர் பெயருக்கு இன்னொரு அறிவிப்பு வந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது வட்டத்துக் குடிமக்கள் எல்லோருக்கும் அனுப்பப்பட்டது அது. அந்த வட்டத்தின் மக்கள்தொகை புதிய விதிப்படி முப்பத்தோராயிரத்திலிருந்து ஒன்பதாயிரமாகக் குறைந்துவிட்டதால் அங்குள்ள மருத்துவமனை மூடப்படுகிறது. ஆட்சேபம் உள்ள குடிமக்கள் முப்பது நாட்களுக்குள் மனுச் செய்யலாம்.

மகிழினி இந்த முறை படுக்கையில் ஏறவில்லை. பேருந்து ஏறிச் சென்னைக்குப் போனார். ஐந்து மாதம் தினமும் நடந்து போன தெருவில் முதல் முறையாகத் தன் காலால் நடந்தார். இருபுறமும் உயரமான அடுக்ககங்கள். எல்லா ஜன்னல்களிலும் திரை போட்டிருந்தது. உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் படுத்துக்கொண்டு வேறு ஊர்களில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். வட்டச் சங்கத்துப் பட்டியலில் மானாவயலில் வேலை செய்பவர்கள் மட்டும் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அதில் ஒரு பெயரைப் பார்த்து ஒரு கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவர் மெலிந்த, அறுபது வயதுக்காரர். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு காலில் கட்டுப் போட்டிருந்தது.

"சகாயராஜ் அண்ணனா?"

அவரும் உடனே மகிழினியை அடையாளம் கண்டுகொண்டார். "தலைவரம்மா. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா கூட்டிப் பெருக்கி வச்சிருப்பேன்."

மானாவயலில் நாள் முழுக்க நின்றுகொண்டே தைப்பவர் அவர். இங்கே நாற்காலி வரைக்கும் போவதற்குள் இரண்டு முறை நின்றார். கால் புண் ஆறவில்லை, சர்க்கரை, வாரம் இருமுறை கட்டு மாற்ற எதிர்த் தெரு மருத்துவமனைக்குப் போகிறார் என்று தெரிந்தது.

"தீர்ப்பன்னைக்கு நானும் அங்க ஆடினேன், பாத்தீங்களா?" என்றார். "நான் மானாவயல்காரன்தான், அதுல மாத்தமில்ல. என் கை அங்க இருக்கு. வியாதி இங்க இருக்கு. அதான் என்ன பண்றதுன்னு தெரியல."

மகிழினி அவருடைய காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டிலுக்கா பஸ் விடுறோம் என்று தான் கேட்டது நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டிலை இப்போதுதான் பார்க்கிறார்.

அன்று மாலையே வட்டச் சங்கத்தில் போய், மருத்துவமனையை மூடக் கூடாது, அங்கே படுத்திருப்பவர்களை அங்கேயே எண்ண வேண்டும் என்ற மனுவைத் தன் பெயரில் போடச் சொன்னார்.

ஊர் திரும்பியதும் தவசியிடம் விஷயத்தைச் சொன்னார். தவசி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நீங்க ஜெயிச்சா அந்த நானூறு பேரும் அங்க போயிருவாகளே. நாம மறுபடி ஐயாயிரத்துக்குக் கீழ."

"ஆமா."

"அப்ப ஊர் சார்பா எதிர்மனு போடணும். போட வேண்டியது நான்தானக்கா."

"நீதான்."

"உங்களுக்கு எதிரா நான் என்னத்த பேச?"

"நான் பேசி வாங்கின தீர்ப்பு இருக்குல்ல, அதையே எடுத்து எம் மேல வீசு" என்றார் மகிழினி. "ஒரு ஆளுக்குக் கைக்கு ஒரு ஊரு, ஒடம்புக்கு ஒரு ஊரு வேணும்னா, ஆசுபத்திரியும் ரெண்டு எடத்துலயும் இருக்கணும். அதுக்கு வழியிருக்கான்னுதான் பாக்கப் போறேன். எனக்கு இன்னும் தெரியல. அதுவரைக்கும் நீ இந்த ஊர விட்டுத் தராத. பரிதாபப்பட்டு மெதுவாப் பேசினேன்னு வை, அப்புறம் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

தவசி ஸ்பேனரைத் திரும்பக் கையில் எடுத்தார். "சரி. நல்லாவே பேசுறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிச் சென்னைப் பேருந்தில் மனுதாரரும் எதிர்மனுதாரரும் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்தார்கள். நெடுமாறன் இரண்டு பேருக்கும் சேர்த்து இட்லி கட்டிக் கொடுத்திருந்தார். விக்கிரவாண்டி தாண்டும்வரை இருவரும் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு சென்னை போய்ச் சேரும்வரை வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.