மொங்கி மாமாவைப் பிடித்துவைத்த கதவு

பாலைவனத்து ஊரான தோஸூரில் பேரீச்சை அறுவடை நேரம். ஹயாத்தின் அப்பா நூருத்தீன் புதிதாகக் கட்டிய குளிர் அறையில் அன்றுதான் முதல் முறையாகப் பழப்பெட்டிகளை ஏற்றினார்கள். காலை முழுக்கக் கதவு திறந்தே கிடந்ததால், வெயிலில் காய்ந்த காற்று அறையெங்கும் நிறைந்திருந்தது.

கடைசிப் பெட்டியும் உள்ளே போனதும் அப்பா கதவைச் சாத்தி இயந்திரத்தை ஓடவிட்டார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து தொம் தொம் என்று சத்தம்.

"யாரது உள்ளே?"

"நான்தான் மச்சான், மொங்கி! பின்னாடி பெட்டி அடுக்கிட்டிருந்தேன். சீக்கிரம் திறங்க, மூக்கு உறையுது!"

அப்பா பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். கைப்பிடியைத் திருப்பி இழுத்தார். கதவு அசையவில்லை. வேலைக்காரர் ஸாலெம் அப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். அப்போதும் அசையவில்லை.

"பூட்டு கெட்டுப்போச்சா முதலாளி?"

"பூட்டு நல்லாத்தான் திறக்குது. கதவுதான் வரமாட்டேங்குது. கடப்பாரையை எடுத்துட்டு வா!"

"கடப்பாரையா?" உள்ளேயிருந்து மாமா அலறினார். "கதவுக்குப் பின்னாடி நான் நிக்கிறேன், ஞாபகம் இருக்கட்டும்!"

ஹயாத் கதவோரம் போய் நின்றாள். "பயமா இருக்கா மாமா?"

"எனக்கா? சேச்சே! பல்லு மட்டும் தானா ஆடுது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அப்போதுதான் அவளுடைய முடிக்கற்றை ஒன்று கதவு இடுக்கை நோக்கி மெல்ல இழுபட்டது. 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய ஒலியும் கேட்டது. வெளியே இருக்கும் காற்று உள்ளே நுழையத் தவித்துக்கொண்டிருந்தது!

வீட்டில் பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் அது ஒடுங்கிப்போகும். மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று நிமிரும். ஹயாத் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

"அப்பா, இழுக்காதீங்க! உள்ளே இருந்த சூட்டுக் காத்து குளிர்ந்து சுருங்கிடுச்சு. வெளிக்காத்துதான் கதவை அமுக்கிட்டு நிக்குது. அது உள்ளே போறதுக்கு ஒரு வழி விட்டா போதும்."

"அதுக்குத்தானே சுவத்துல ஒரு துவாரமே வச்சிருக்கு..." என்று சொல்லிக்கொண்டே அப்பா அண்ணாந்து பார்த்தார். வண்ணம் படாமலிருக்க, சுவருக்கு வண்ணம் அடித்தவர் ஒட்டிய நாடா இன்னமும் துவாரத்தை மூடியிருந்தது.

அவர் ஏணிக்கு ஆள் அனுப்புவதற்குள் ஹயாத் காலிப்பெட்டிகளை அடுக்கி மேலே ஏறிவிட்டாள். நாடாவைப் பிய்த்தாள்.

புஸ்ஸ்ஸ்ஸ்!

காற்று அவள் விரல்களை உரசிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. சத்தம் அடங்கியதும் அவள் இறங்கி வந்தாள்.

"இப்ப இழுங்க அப்பா."

அப்பா மகளையே பார்த்தார். "நீயே திற."

ஹயாத் ஒற்றைக் கையால் இழுத்தாள். கதவு சாதுவாகத் திறந்தது. மாமா நடுங்கிக்கொண்டே வெளியே வந்து அவளைத் தூக்கிச் சுற்றினார்.

"ரெண்டு தடியனுங்க இழுத்தும் வராத கதவு!" என்று ஸாலெம் வியந்தார்.

அன்று மாலைவரை, வந்தவர்களிடமெல்லாம் மாமா நடந்ததை நடித்துக் காட்டினார். ஒவ்வொரு முறையும் முடிவில் ஹயாத்தைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து காட்டச் சொன்னார். வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்தாலே குளிர் வெளியே போகிறதே என்று கத்தும் அப்பா, அன்று மட்டும் அவளோடு சேர்ந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.