அறுபது மணிகள் கோத்த கம்பி

கம்பியின் கண்ணால் பார்த்தால், மனித உடம்பில் இதயம் ஒரு தேவையற்ற உறுப்பு. எல்டோரெட் நகரில் இதை முதன்முதலாக நிரூபித்தவன் பராசா சிமியு, மருத்துவமனையின் கணினிப் பொறியாளன். சிகிச்சையின்போது தொடையில் நுழைந்து ரத்தக்குழாய் வழியே நெஞ்சுவரை போகும் எஃகுக் கம்பியை அவன் கணினிக்குள் அறுபது மணிகளாகவும், இடையே ஐம்பத்தொன்பது சுருள்வில்களாகவும் சுருக்கியிருந்தான். ரத்தக்குழாய் அசையாது என்று வைத்துக்கொண்டான். துடிப்பையும் சேர்த்தால் கணக்கு கையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே துடிப்பை நீக்கினான்.

பழகுபவர் நிஜக் கம்பியைக் கணினியோடு இணைத்த பயிற்சிப் பெட்டியின் துளையில் தள்ளுவார். உள்ளே மோட்டாரில் ஓடும் உருளைகள் எதிர்த்து அழுத்தும். திரையில் மணிகள் நகரும்.

அன்று மதியம் மூன்று மணிக்குக் கெருபோ அம்மாவுக்குச் சிகிச்சை. அவருடைய ஸ்கேனிலிருந்து செய்த மாதிரியில் டாக்டர் நியாபோகே ஒத்திகை பார்த்தார். வளைவில் கம்பி முட்டும்போதெல்லாம் "போலே, அம்மா" என்றார். யாருக்கு வலித்தாலும், தப்பு நம்முடையது இல்லையென்றாலும், இங்கே தானாக வாயில் வந்துவிடும் சொல்.

"டாக்டர், அது பெட்டி. என் பிரின்டருக்கும் ஒரு போலே சொல்லுங்க, காலையிலேர்ந்து காகிதம் சிக்கித் தவிக்குது."

"கிண்டல் இருக்கட்டும்டா. மூணாவது வளைவை நீ ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லு. அங்க குழாய் ரொம்ப மெலிசு. கிழிஞ்சா அந்தம்மா அவ்வளவுதான்."

எண்ணெயில் பொரித்த மாண்டாசியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு டாக்டர் சிகிச்சை அறைக்குப் போனார்.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆறிய தேநீரின் இஞ்சி வாசனையும் சூடேறிய மோட்டார்ச் சுருள்களின் வாசனையும் கலந்து கிடந்த அந்த ஜன்னலில்லாத அறையில், பராசா கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தான். வெதுவெதுப்பாக இருந்தது. டாக்டரின் கைச்சூடு என்று நினைத்தான். ஒரு சாண் வெளியே இழுத்தான். பெட்டிக்குள்ளிருந்து வந்த பகுதி இன்னும் சூடாக இருந்தது.

பிறகு கட்டைவிரலின் கீழே ஏதோ தட்டியது. நின்றது. தட்டியது.

மோட்டார் பழுது என்று தனக்கே சொல்லிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு. மோட்டார்கள் அப்படிப் பழுதாவதில்லை.

தள்ளினான். தொண்ணூற்றாறு.

மூன்றாவது வளைவு. முனை முட்டியது. நூற்று முப்பது.

தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கியை அழுத்தினான். சிகிச்சை அறையிலிருந்து டாக்டர்.

"பராசா, வளைவு என்னாச்சு? சீக்கிரம் சொல்லுப்பா. நாங்க இன்னும் ஊசிகூடப் போடல. நெஞ்சுக்குள்ள என்னமோ ஊருதுன்னு அம்மா கத்துறாங்க. துடிப்பு நூத்திமுப்பது."

பராசா சுவரிலிருந்து மின்செருகியைப் பிடுங்கினான். திரை அணைந்தது. உருளைகள் நின்றன.

கம்பி தட்டியது.

மெல்ல இழுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம். தொலைபேசியில் அலறல். விட்டான்.

கம்பி தானாக உள்ளே நகர்ந்தது.

பாய்ந்து பிடித்தான். இழுக்க முடியாது. விட முடியாது. நூற்று அறுபது. விரல்கள் வியர்த்தன. பெட்டியின் துளைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தான்.

"போலே, அம்மா," என்றான், கிசுகிசுப்பாக. "போலே. போலே."

"யார்கிட்ட பேசுற?" என்றது தொலைபேசி.

வழுக்கும் விரல்களுக்கிடையே, ஒரு துடிப்புக்கு ஒரு நகக்கண் அளவு, கம்பி உள்ளே போய்க்கொண்டிருந்தது.