பதினேழாம் டோக்கன்

திங்கட்கிழமை காலை லேபைத் திறந்ததும் பயிற்சி ஆசிரியர் ரெத்தினதாஸின் கண்ணில் பட்டது கருவிப் பலகையில் இருந்த ஒரு காலியிடம்தான். அந்த விமானப் பராமரிப்புக் கல்லூரியில் ஒவ்வொரு கருவியின் வடிவமும் பலகையில் மஞ்சளில் வரையப்பட்டிருக்கும். எடுப்பவர் தன் எண் போட்ட டோக்கனை அங்கே மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இடுக்குகளுக்குள் எட்டிப் பார்க்க உதவும், நீளக் கம்பி நுனியில் வட்டக் கண்ணாடி வைத்த கருவியைக் காணோம். அங்கே பதினேழாம் டோக்கன் தொங்கியது. பொழியூர்க்கார மாணவி பின்சியுடையது.

மாலையில் எல்லாவற்றையும் எண்ணிய பிறகே ரெஜிஸ்டரில் கையெழுத்து. இருபது வருடமாகத் தொண்டை வறள அதைச் சொல்லிக்கொடுப்பவர், வெள்ளிக்கிழமை அம்பூரியில் ஒரு கல்யாணத்துக்கு ஓடும் அவசரத்தில் மதியமே கையெழுத்தை இழுத்துவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம். கையெழுத்தைக் கண்டால் காவலாள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டிவிடுவார்.

போன் அடித்தது. ஹாஸ்டல் வார்டன் ஸ்ரீகுமாரி.

"சாரே, பின்சி வீட்டுக்கு வந்து சேரலேண்ணு அவளுக்க அம்மை போன்ல விளிக்கிது. அவ வீட்டுல உண்டுண்ணுல்லா நான் நெனச்சேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க லேபுக்குப் போனவளாக்கும்."

வெளியே ரப்பர் தோட்டத்தின்மீது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. எண்ணெயும் ஈரமும் கலந்த நெடியில், எஞ்சின் கழற்றப்பட்ட பழைய விமானம் லேபின் நடுவே இருட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் வாலுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு, பிள்ளைகள் தாங்களாகவே வால் பேனலை மூடும் பயிற்சி. பிள்ளை உள்ளே இருந்தது தெரியாமல் மூடிவிட்டார்களா? மூன்று நாள். தண்ணீர்கூட இல்லாமல்.

"மக்கா, பின்சி! இன்னா தொறக்கேன், பயப்படாத!"

பேனலுக்குக் கீழே கை நுழையும் அளவில் வட்டத் துளை ஒன்று உண்டு. டார்ச்சை அடித்துப் பார்த்தார். வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தெரிய அந்தக் கண்ணாடி வேண்டும். அவர் தகரத்தை மூன்று முறை தட்டினார். உள்ளிருந்து மூன்று தட்டல்கள் திரும்பி வந்தன.

இருபத்தெட்டு ஸ்குரூ. அவசரத்தில் ஸ்குரூடிரைவர் வழுக்கியது. விரலில் ரத்தம். கர்த்தாவே, உயிர் மட்டும் இருக்கட்டும், என் வேலை போனால் போகட்டும் என்று வாய்விட்டு அழுதார். இருபத்தாறு கழன்றபோது மறுபடியும் போன்.

"சாரே, ஆளு கிடைச்சாச்சு! வெள்ளறடையில பெரியம்மை வீட்டுல உண்டு. போன் மழையில நனைஞ்சு கெட்டுப்போச்சாம். இன்னா, பெரியம்மைக்க போனை லைன்ல சேக்கேன், அவகிட்ட பேசுங்க."

"சாரே," பின்சியின் குரல்தான். "டோக்கனை எடுக்க மறந்துட்டேன். கண்ணாடியை உங்க கையிலதானே தந்தேன்?"

"எப்பம்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். வாலுக்குள்ள இருந்து கையை நீட்டி, ரெண்டு வெரலை ஆட்டினீங்களே. உங்க மோதிரத்தைக் கண்டுதான் தந்தேன்."

உள்ளே வேலை செய்யும்போது பேசாமல் கையை நீட்டி இரண்டு விரலை ஆட்டினால், அடுத்த கருவியைத் தர வேண்டும். அது அவர் ஏற்படுத்தி, லேபில் எல்லாரும் பழகிப்போன சைகை. ஆனால் அன்று மாலை அவர் அம்பூரியில் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

போன் நழுவி விழுந்தது.

தட்டல் நின்றிருந்தது.

துளையிலிருந்து ஒரு கை வந்தது. கண்ணாடியைத் தரையில் வைத்தது. அவருடைய அதே மோதிரம். விரலில் அதே இடத்தில் அதே ரத்தம். உள்ளங்கை விரிந்தது. இரண்டு விரல்கள் அசைந்தன.

இருபது வருடப் பழக்கம். ஸ்குரூடிரைவரைக் கொடுத்துவிட்டார்.

அது உள்ளே போனது. கை மட்டும் மறுபடியும் வந்தது.

விரல்கள் அசைந்தன.

கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை. அவருடைய வலது கை தானாக நீண்டது.