ஐயுறுநரின் வலக்கண்

“ஒரு பூநாரை மனுஷன் மாதிரி வேஷம் கட்டி நடிச்சுச்சு. மத்ததெல்லாம் வரிசையா நின்னு அதைப் பாத்துப் பாடம் படிச்சுச்சு. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்” என்றார் பூவராகன்.

மிதவைக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை. கடல் காலையில் சிதம்பரத்து எல்லைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் காலம் அது. கொள்ளிட முகத்துவாரத்தில் கடைகள் நீரோடு ஏறி நீரோடு இறங்கின. ஒரு கரையில் ஆர்டர் கொடுத்துவிட்டு மறுகரையில் குடிப்பது சாதாரணம். அதற்கெல்லாம் பழகிப் போனவர்களுக்கும் பூவராகனின் வாய் மட்டும் பழகவே இல்லை. மழைத் துறையில் தாலுகாக்களுக்கு மழை திறந்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தாம் ஒருமுறை தும்மியதில் மன்னார்குடியில் குளம் நிரம்பிவிட்டது என்று இன்றும் சொல்வார்.

ஒருவர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் ஆளவந்தார், பூவராகனின் சம்பந்தி. ஆளவந்தாரின் மகளைத்தான் பூவராகனின் மகன் கட்டியிருந்தான். நிலவுச் சுரங்கங்களில் கூரை விழுமா விழாதா என்று தட்டிப் பார்க்கும் பணியில் தலை நரைத்தவர். இப்போதும் நாற்காலியைத் தட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். அப்படிப்பட்டவரைத்தான் கொள்ளிட நடையர் குழு தன் ஐயுறுநராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

ஐயுறுநர் என்றால் சந்தேகப்படுவதையே கடமையாகக் கொண்டவர். முகத்துவாரக் காப்பகத்தில் நடப்பவர்கள் கண்டதாகச் சொல்லும் பறவையும் விலங்கும்தான் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறும். ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் படம் வேண்டும். படம் இல்லையென்றால் ஐயுறுநர் நேரில் போய்ப் பார்த்து, ‘நடந்தது’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூன்று காட்சிகள் பொய்யென்று தள்ளப்பட்டவர் அப்புறம் காப்பகத்துச் சேற்றில் கால் வைக்க முடியாது. வீட்டுச் சுவரில் முகத்துவாரத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். உப்புக்காற்று வாசனைகூட வரும், கால்தான் நனையாது.

பூவராகனுக்கு ஏற்கெனவே இரண்டு தள்ளப்பட்டிருந்தன. ஒன்று, நண்டுகள் ஒதுங்கி நின்று அவருக்கு வழிவிட்டு வணக்கம் வைத்தது. மற்றொன்று, கூழைக்கடா அவருடைய டிபன் பாக்ஸை விழுங்கிவிட்டுக் கழுவித் திருப்பிக் கொடுத்தது.

“படம் இருக்கா சம்பந்தி?” என்றார் ஆளவந்தார்.

“எங்கேர்ந்து இருக்கும்? எழுந்ததுலேருந்து கண்ணு ‘புதுப்பிக்கிறேன், பொறு’ன்னே காட்டிக்கிட்டிருந்துச்சு. நானும் பொறுத்தேன். பொறுத்ததாலதான் பாத்தேன்.”

எல்லோருக்கும் இருப்பதுபோல அவருடைய வலக்கண்ணிலும் எள்ளளவு கண்பதிவி ஒன்று இருந்தது. இமையை ஒருமுறை இறுக்கி மூடித் திறந்தால் எதிரில் இருப்பது படமாகிவிடும். பல் முளைக்கும் முன்பே பொருத்திவிடுவார்கள்.

“சரி, எந்த மனுஷன் மாதிரி நடிச்சுச்சு?”

எந்தக் கேள்விக்கும் ஒன்றுக்கு ஒன்பதாகப் பதில் வைத்திருக்கும் பூவராகன், ஆறிப்போன தேநீரை ஊதினார். “யாரோ ஒரு மனுஷன். பொதுவா ஒரு மனுஷன்.”

“பொதுவா மனுஷன்னு ஒருத்தன் கிடையாது சம்பந்தி.”

ஆளவந்தார் கடையை விட்டு இறங்குவதற்குள் செய்தி எப்படியோ பறந்து, மகளின் குரல் காதுக்குள் வந்துவிட்டது. “அப்பா, மாமா இன்னிக்கு ஏதோ பாத்துட்டாராமே. தயவுசெஞ்சு தள்ளிடாதீங்க. அவரைச் சுவருக்கு முன்னாடி உட்கார வெச்சா, கொள்ளிடத்துக்குச் சொல்றதையெல்லாம் நாள் பூரா எங்ககிட்ட சொல்லுவாரு. நான் குழந்தையைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கே வந்துடுவேன்.”

“நடந்திருந்தா நடந்ததுன்னு சொல்லுவேன். நடக்காததுக்கு நான் என்ன பண்ண முடியும்?” என்றார் ஆளவந்தார். மறுநாள் விடிந்ததும் சம்பந்தியை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

இருவரும் தாமரை இலைபோல விரியும் சேற்றுச் செருப்பை மாட்டிக்கொண்டு, அலையாத்திக் காட்டின் வேர்களுக்கு நடுவே நடந்தார்கள். சேற்றின் ஆழம் பார்க்கும் நண்டு இயந்திரம் முன்னால் பக்கவாட்டில் போயிற்று. ஆட்காட்டிக் குருவி ஒன்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி இவர்கள் வருகையை அறிவித்தது. அடுத்த வளைவில் பூநாரைகள் நின்றன.

என்ன அழகு! ஒற்றைக்கால், வளைந்த கழுத்து, எல்லாம் இடப்பக்கம் காட்டி, வெயில் சரியாக இறகில் விழும்படி. எல்லாப் படங்களிலும் அவை அப்படித்தான் நிற்கும். ‘பூநாரை, இடப்பக்கம் காட்டி நிற்கும் இயல்புடையது’ என்று பாடநூலிலேயே இருந்தது.

ஆளவந்தார் தினமும் செய்வதையே அன்றும் செய்தார். இடக்கையை இடுப்பில் ஊன்றினார். ‘க்ஹும்’ என்று தொண்டையைச் செருமினார். குதிகாலை உயர்த்தி எம்பி, வலக்கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். திரும்பி நடந்தார்.

“எங்க போறீங்க?”

“எடுத்தாச்சே.”

“பாத்தீங்களா?”

“எடுத்தாச்சுங்கறேன்.”

“ஒரு தடவ திரும்புங்க சம்பந்தி.”

ஆளவந்தார் திரும்பினார். கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கும் கடைக்காரர்கள்போல, பூநாரைகள் தூக்கிய காலைக் கீழே போட்டுவிட்டுப் புதர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஒன்று கழுத்தை உதறிச் சோம்பல் முறித்தது.

“அதுங்க காத்துக்கிட்டிருக்கறதே உங்க கண்ணு மூடறதுக்குத்தான். மூடிட்டா மனுஷன் போயிடுவான்னு அதுங்களுக்குத் தெரியும். எடுக்காம உட்காருங்க, அப்புறம் பாருங்க” என்றார் பூவராகன்.

“எடுக்காம எப்படிப் பாக்குறது?” என்று ஆளவந்தார் கேட்டார். கேலியாக அல்ல, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பூவராகன் தலைத்துண்டை அவிழ்த்து, சம்பந்தியின் வலக்கண்ணை மறைத்துக் கட்டினார். சாய்ந்து கிடந்த மரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆளவந்தார் அதையும் தட்டிப் பார்த்தார்.

ஆள் போகவில்லை என்று கண்ட பூநாரைகள் அவசரமாகத் திரும்பி வந்து மறுபடியும் இடப்பக்கம் காட்டின. துண்டுக்குள் ஆளவந்தாரின் இமை, கரையில் போட்ட கெண்டைபோலத் துள்ளியது.

“அரிக்குது சம்பந்தி.”

“அரிக்கும். பொறுங்க.”

“ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேனே.”

“மூணாவது காட்சியும் போயிட்டா அப்புறம் நான் சுவத்தைத்தான் பாக்கணும். உங்க பொண்ணு என்னைப் பாக்கணும்.”

ஆளவந்தார் மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டார். பூநாரைகளின் பொறுமையும் சோதிக்கப்பட்டது. இடப்பக்கம் பிடிக்கவில்லையோ என்று வலப்பக்கம் காட்டின. சிறகை விரித்து உள்ளே இருக்கும் செந்நிறத்தையும் காட்டிப் பார்த்தன. வெயில் ஏறி, நீர் இறங்கி, இவர்கள் இருவரையும் படகு கட்டும் முளைகள் என்றே முடிவு செய்த பிறகு, ஒவ்வொன்றாகக் காலைக் கீழே வைத்தன.

பிறகு சாம்பல் நிறத்து இளம்பறவைகள் புதரிலிருந்து ஓடிவந்து வரிசையில் நின்றன. ஒரு கிழப் பூநாரை அவற்றுக்கு எதிரே போய் நின்றது. இடச் சிறகைப் பாதி மடக்கி இடுப்பில் ஊன்றியது. தொண்டைக்குள் ‘க்ஹும்’ என்றது. விரல்நுனியில் எம்பி, வலக்கண்ணை இறுக்கி மூடித் திறந்தது. சட்டென்று திரும்பி, பின்னால் ஒருமுறைகூடப் பாராமல், சேற்றுச் செருப்பு மாட்டியதுபோலத் தட்டைக்கால் வைத்து நடந்துபோயிற்று.

அந்தக் கண் மூடித் திறக்கும்வரை ஒற்றைக்காலில் சிலையாக நின்ற குஞ்சுகள், மறுகணம் காலைப் போட்டுவிட்டு இறால் பொறுக்க ஓடின. கிழம் திரும்பி வந்தது. மறுபடியும் பாடம். கண் மூடும் முன்பே காலைக் கீழே வைத்த ஒரு குஞ்சுக்குத் தலையில் ஒரு கொத்து விழுந்தது.

ஆளவந்தார் கண்ணில் கட்டியிருந்த துண்டை மெல்ல அவிழ்த்தார். பூவராகன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செருமல்கூட…” என்றார் ஆளவந்தார்.

“காத்துல அப்படிக் கேட்டிருக்கும் சம்பந்தி.”

அன்று மாலை குழு கூடியது. தலைவி சுலைகா பீவி பரங்கிப்பேட்டைக்காரர், வளவளவென்று பேசினால் பிடிக்காது. “படம்?” என்றார்.

“எடுக்கல” என்றார் ஆளவந்தார்.

அரங்கில் சலசலப்பு எழுந்தது. “ஏன் எடுக்கல?” என்றார் தலைவி.

“பாத்துக்கிட்டிருந்தேன்.”

சுலைகா பீவி அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பார்ப்பது என்பது எடுத்த பிறகு வீட்டுக்குப் போய் ஆறஅமரச் செய்வது என்றுதான் அந்த அரங்கில் இருந்த அனைவரும் நினைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போனபின் பார்த்தவர் எவரும் இல்லை என்பது வேறு விஷயம்.

“ஐயுறுநரே, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. சம்பந்தியாச்சேன்னு விட்டுக்கொடுக்கறீங்களா?” என்றார் சுலைகா பீவி. “அந்தப் பறவை யார் மாதிரி நடிச்சுச்சாம்?”

பூவராகன் துள்ளி எழுந்தார். “யாரோ ஒரு மனுஷன்ம்மா. பொதுவா ஒரு—”

“உட்காருங்க சம்பந்தி” என்றார் ஆளவந்தார்.

அவர் அரங்கின் நடுவுக்கு வந்தார். கூரை விழாது என்று சான்று கொடுத்தே காலம் தள்ளியவருக்கு இப்போது அது தன் தலையில் விழுந்தால் தேவலை என்றிருந்தது. இருந்தாலும் இடக்கையை இடுப்பில் ஊன்றினார். ‘க்ஹும்’ என்றார். எம்பினார். வலக்கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

தினமும் காலையில் அவர் பின்னால் நடக்கும் கூட்டம் அது. அடையாளம் கண்டதும் கூரை எழும்பும்படி ஒரு சிரிப்பு. சிரிப்போடு சிரிப்பாக, அரங்கிலிருந்த அத்தனை வலக்கண்களும் அவரை நோக்கி இறுகி மூடித் திறந்தன. திறந்த கையோடு நாற்காலிகள் நகர்ந்தன, செருப்புகள் தேடப்பட்டன, முதுகுகள் வாசலைப் பார்த்து நடந்தன. எடுத்தாயிற்று.

ஆளவந்தார் குதிகாலை மெல்லக் கீழே வைத்தார்.

“சுலைகாம்மா, நீங்களாச்சும் கொஞ்சம் நில்லுங்க. என் தீர்ப்பைக் கேட்டுட்டுப் போங்க” என்றார். “நடந்தது. சம்பந்தி சொன்னதுல ஒரே ஒரு தப்புதான். என் மரியாதைக்காக, வாழ்க்கையில முதல் தடவையா மனுஷன் குறைச்சுச் சொல்லிட்டாரு.”